பனிமலைக்கு ஒரு வெறுங்கால் நேர்த்தி

கோல சிலாங்கூர் வட்டாரத்தில் மலை என்று சொல்லிக்கொள்ள ஒன்றே ஒன்றுதான் உண்டு. அதுவும் மலை இல்லை, மேடு. புக்கிட் மெலாவாத்தி. ஏறத் தொடங்கி மூச்சு வாங்குவதற்குள் உச்சி வந்துவிடும். அங்கே ஒரு கலங்கரை விளக்கம், பழைய பீரங்கிகள், கச்சான் கடலை கேட்டுப் புடவையை இழுக்கும் குரங்குகள். மற்றபடி கடல் வரைக்கும் தட்டையான பூமி. இப்படிப்பட்ட ஊரில் பிறந்து வளர்ந்தவள் இமயமலைக்கு நேர்ந்துகொண்டாள் என்றால் அவள் புத்தியை என்னவென்று சொல்வது? அவள் குடியிருந்த எண்ணெய்ச் செம்பனைத் தோட்டத்தில் எல்லாரும் அதைத்தான் கேட்டார்கள்.

அவள்தான் கலாவதி. லீவு நாள் வந்தால் அந்த மேட்டில் வெறுங்காலோடு ஏறுவாள், இறங்குவாள், மறுபடி ஏறுவாள். தார் ரோடு சுடும். கீழே அவள் புருஷன் காளியண்ணன், மடங்காத இடது காலை நீட்டிக்கொண்டு மோட்டார் சைக்கிளில் சாய்ந்து உட்கார்ந்திருப்பான். ஒவ்வொரு தடவை அவள் இறங்கி வரும்போதும், “சாமி கண்ணத் தொறந்துடுச்சா?” என்று கேட்பான். “மொதல்ல நீங்க வாய மூடுங்க,” என்றுவிட்டு அவள் திரும்பி ஏறுவாள்.

நடந்தது இதுதான். காளியண்ணன் செம்பனைக் குலை ஏற்றும் லோரியில் வேலை செய்தவன். ஒரு மழை நாளில் லோரி வடிகாலில் சாய்ந்து, குலைகள் மொத்தமும் அவன்மேல் சரிந்தன. பெரியாஸ்பத்திரியில் கண் திறக்காமல் கிடந்தான். கலாவதி தனக்குத் தெரிந்த சாமிகளையெல்லாம் கூப்பிட்டுப் பார்த்தாள். தோட்டத்து மாரியம்மனுக்குப் பொங்கல், பத்துமலை முருகனுக்குப் பால்குடம், எல்லை முனியாண்டிக்குச் சேவல். ஒருவரும் அசைகிற மாதிரித் தெரியவில்லை.

பக்கத்துக் கட்டில்காரர் சுங்கை பெசார் மளிகைக் கடை நாட்காட்டி ஒன்றைச் சுவரில் மாட்டியிருந்தார். அதில் சிவன். பின்னால் வெள்ளை வெளேரென்று பனிமலை. கண்ணை மூடிக்கொண்டு சுகமாக உட்கார்ந்திருந்தார். பார்க்கப் பார்க்கக் கலாவதிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“எம்புருசன் கண்ணத் தொறக்கல. நீயும் கண்ண மூடிக்கிட்டுச் சும்மா ஒக்காந்திருக்கியா?” என்று சத்தமாகவே கேட்டுவிட்டாள். நர்ஸ் திரும்பிப் பார்த்தாள். “அவரு எந்திரிக்கட்டும். ஒன் பனிமலைக்கே வந்து வெறுங்காலோட ஏறுறேன். பாத்துக்க.”

மறுநாள் காலை காளியண்ணன் கண்ணைத் திறந்தான். தேத்தண்ணி கிடைக்குமா என்று கேட்டான்.

மற்றச் சாமிகளின் கணக்கை அவள் அந்த வருஷமே தீர்த்துவிட்டாள். மிச்சம் நின்றது இந்த ஒன்றுதான். கோயில் பண்டாரம் அப்பளசாமி, “ஆபத்துல சொன்னதும்மா. ஒரு தேங்கா ஒடச்சு மன்னிப்புக் கேட்டுக்க, போதும்,” என்றார். பக்கத்து வீட்டு இராஜம்மா, பத்துமலையும் மலைதானே என்றாள். கலாவதி இரண்டையும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

“வாங்கும்போது முழுசா வாங்கிட்டு, குடுக்கும்போது பேரம் பேசுறதா?” என்றாள்.

வீம்பு என்று தோட்டம் நினைத்தது. வீம்பில்லை, பயம். சொன்னதைச் செய்யாவிட்டால் கொடுத்த உயிரைச் சாமி திரும்ப எடுத்துக்கொள்ளும் என்று அவள் மனதார நம்பினாள். காளியண்ணனுக்கு ஒரு காய்ச்சல் வந்தால்கூட இரவெல்லாம் அவன் மூச்சையே கேட்டுக்கொண்டிருப்பாள். அவனிடம் மட்டும் இதைச் சொன்னதில்லை.

அவள் வேலை செய்தது ரவாங்கில் ஒரு மின்பொருள் தொழிற்சாலையில். விடியுமுன் தோட்டத்து முச்சந்தியில் பஸ் வந்து ஏற்றிக்கொண்டு போகும். அங்கே ஷிப்ட் சூப்பர்வைசர் சிவானந்தம் மலையேறும் குழு ஒன்று நடத்திவந்தார். பெரிய மீசை, நல்ல மனுஷர், வாயைத் திறந்தால் பாதி இங்கிலீஷ். கலாவதியும் சேர்ந்து, குழுவோடு கினபாலு மலை வரைக்கும் ஏறி வந்திருந்தாள். ஒரு நாள் கேண்டீன் சுவரில் அவர் ஒட்டிய அறிவிப்பில் நேபாளம் என்று இருந்தது. மேரா என்றொரு சிகரம். வழிகாட்டி அழைத்துப் போவார், பனி ஏறப் பழகாதவர்களும் போகலாம். கலாவதி சாப்பாட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போய்ப் பேர் கொடுத்தாள். எதற்காகப் போகிறாள் என்று சிவானந்தத்துக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் சேர்த்திருக்கமாட்டார்.

பனி எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியாது. ஐஸ் தெரியும். அத்தை மகன் முருகையா பாகான் நக்கோடா ஓமாரிலிருந்து மீன் லோரி ஓட்டினான். ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கே போய், மீன் பெட்டி நிறைய உடைத்த ஐஸைக் கொட்டச் சொல்லி, புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு உள்ளே இறங்கி நின்றுவிட்டாள்.

மீன்காரர்கள் வலையை விட்டுவிட்டு வந்து சுற்றி நின்றார்கள். சீன முதலாளி தவுக்கே கணக்குப் பார்ப்பதை நிறுத்திக்கொண்டு எட்டிப் பார்த்தார். “அக்கா, கெளுத்தியோட சேத்து லோரியில ஏத்திறப் போறாங்க லா,” என்றான் முருகையா. கலாவதி பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். முதலில் எரிந்தது. பிறகு குத்தியது. அதற்கப்புறம் ஒன்றும் தெரியவில்லை.

“பாத்தீங்களா, இப்ப வலிக்கவே இல்ல,” என்று புருஷனைப் பார்த்துச் சிரித்தாள். அவளுக்குப் பெருமை தாங்கவில்லை.

காளியண்ணன் சிரிக்கவில்லை. அவளைப் பிடித்து இறக்கி, கவிழ்த்துப் போட்டிருந்த ஒரு பெட்டியில் உட்காரவைத்து, அவள் கால்களைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டான். கறுத்த கால்கள் சாம்பல் பூத்திருந்தன. பெருவிரலைக் கிள்ளினான். “வலிக்குதா?” இல்லை என்றாள். இன்னும் அழுத்திக் கிள்ளினான். “வலிக்குதா?” அதற்கும் இல்லை என்றாள். சட்டையைக் கழற்றிச் சுற்றி, சூடு வரும்வரை தேய்த்துக்கொண்டே இருந்தான். 

ராத்திரி சோற்றைப் பிசைந்துகொண்டே, “சாமிக்கு வேற ஏதாச்சும் குடுத்தா ஒத்துக்காதா, புள்ள?” என்று கேட்டான்.

“ஒத்துக்காதுங்க,” என்றாள். 

அவள் புறப்படும் சமயம் தோட்டத்துக் கோயிலில் சித்திரைத் திருவிழாவுக்குப் பந்தல்கால் ஊன்றிக்கொண்டிருந்தார்கள். திருவிழாவில் இருக்கமுடியாதே என்று அவளுக்குக் குறைதான். “இங்க உள்ளத நான் பாத்துக்கிறேன் லா. நீ போய்ட்டு வா,” என்றான் காளியண்ணன். வேன் ஏறும்போது அவள் காலில் கிடந்த கேன்வாஸ் சப்பாத்தைக் குனிந்து ஒரு பார்வை பார்த்தான், அவ்வளவுதான்.

காத்மாண்டுவில் கனத்த பூட்ஸும் பஞ்சுச் சட்டையும் வாடகைக்கு எடுத்தார்கள். ஒரு சின்ன விமானம் அவர்களைச் சாய்வான ஓடுபாதையில் கொண்டுபோய் இறக்கியது. அங்கே வந்து சேர்ந்துகொண்டான் வழிகாட்டி பசாங். குள்ளமான ஆள், ஒட்டுப்போட்ட மேல்சட்டை, சிரித்தால் கண் காணாமல் போய்விடும். கலாவதியைத் ‘தீதி’ என்று கூப்பிட்டான். அவன் மொழியில் அக்கா என்று அர்த்தமாம். அவன் இங்கிலீஷும் அரைகுறை, அவள் இங்கிலீஷும் அரைகுறை, அதனாலேயே சிவானந்தத்தின் இங்கிலீஷைவிட அவர்கள் இருவருக்கும் ஒருவர் பேச்சு ஒருவருக்கு நன்றாகப் புரிந்தது. இரண்டு பெண் குழந்தைகள் என்று சொல்லி உயரத்தைக் கையால் காட்டினான். பெரியவள் இடுப்பளவு, சின்னவள் முழங்காலளவு.

நாள் கணக்காக நடந்தார்கள். ஒரு கணவாய் ஏறி, சிவப்புப் பூ மரங்கள் அடர்ந்த பள்ளத்தாக்கில் இறங்கி, மறுபடி ஏறினார்கள். மரம் போயிற்று, பிறகு செடி போயிற்று, கடைசியில் புல்லும் போயிற்று. சிவானந்தத்துக்கு மண்டை இடித்தது. மற்றவர்கள் சோற்றைக் கண்டாலே முகத்தைத் திருப்பினார்கள். கலாவதி மட்டும் தட்டு நிறையப் பருப்பும் சோறும் வாங்கிச் சாப்பிட்டாள். உடம்பில் அவளுக்கு ஒரு குறையும் இல்லை. மனசுதான் நாளுக்கு நாள் கனத்துக்கொண்டே வந்தது.

பனியைத் தொட்ட முதல் நாள் கையுறையைக் கழற்றிவிட்டு ஒரு பிடி அள்ளிப் பார்த்தாள். மீன் பெட்டி ஐஸ் மாதிரி இல்லை. கல்லுப்பு மாதிரி நறநறவென்று இருந்தது. இதுவா நாட்காட்டியில் அவருக்குப் பின்னால் வழுவழுவென்று நின்றது? சாமி உட்கார்ந்திருக்கிற இடம் இவ்வளவு கஷ்டமானதென்று அவள் நினைத்ததே இல்லை. முதன்முறையாக அந்தச் சாமிமேல் கொஞ்சம் பரிதாபம்கூட வந்தது.

உச்சி ஏறும் நாள், கிழக்கு வெளுக்கும்போதே எல்லாரையும் ஒரே கயிற்றில் கோத்து, பூட்ஸுக்கு அடியில் இரும்புப் பற்களைக் கட்டி, வரிசையாகக் கூட்டிப்போனார்கள். காற்று முகத்தைக் கிழித்தது. ஒரு எட்டு வைத்தால் நாலு மூச்சு வேண்டியிருந்தது. கலாவதி தனக்குள் ஒரு நியாயம் சொல்லிக்கொண்டாள். கோயிலுக்குப் போகிறவள் வீட்டிலேயேவா செருப்பைக் கழற்றுகிறாள்? வாசலில்தானே கழற்றுகிறாள்? கடைசி ஏற்றத்தை மட்டும் வெறுங்காலோடு ஏறினால் சாமிக்கும் சரி, தனக்கும் சரி.

அந்தக் கடைசி ஏற்றம் நல்ல வெயில் வந்தபிறகு எதிரே நின்றது. செங்குத்தான சின்னக் குன்று, அதன் தலைதான் உச்சி. களைப்பாக இருக்கிறது, நீங்கள் முன்னே போங்கள் என்று அவள் சொல்ல, உடன் வந்த உதவி வழிகாட்டி சிவானந்தத்தையும் மற்றவர்களையும் மேலே கூட்டிப்போனான். பசாங் அவளோடு தங்கினான். அவன் கயிற்றைச் சரிபார்த்துவிட்டுத் திரும்புவதற்குள் கலாவதி இரும்புப் பற்களை அவிழ்த்து, ஒரு பூட்ஸின் வாரையும் தளர்த்திவிட்டிருந்தாள்.

“தீதி, என்ன செய்கிறாய்?”

சொன்னாள். புருஷன், லோரி, ஆஸ்பத்திரி, சாமி, வெறுங்கால். தனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொல்லி, தெரியாததைக் கையால் காட்டினாள். பசாங் சிரிக்கவில்லை. அவள் எதிரில் குந்தி உட்கார்ந்தான்.

“இங்கே பூட்ஸைக் கழற்றினால் கால் போய்விடும்.”

“போகட்டும். என் கால்தானே?”

“கால் போனால் உன்னால் இறங்க முடியாது,” என்றான். பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டால் சொல்கிற மாதிரி நிதானமாகச் சொன்னான். “நான்தான் தூக்கவேண்டும். இந்த உயரத்தில் ஆளைத் தூக்கியவர்கள் எல்லாரும் கீழே வந்து சேர்வதில்லை. உன் சாமி, உன் வாக்கு, நான் வேண்டாம் என்று சொல்லமாட்டேன். ஆனால் உன்னை இங்கே விட்டுவிட்டும் போகமாட்டேன்.”

சொல்லிவிட்டு அவன் சும்மா இருக்கவில்லை. முதுகுப் பையைத் திறந்து, சுமையை நெற்றியில் மாட்டித் தூக்கும் அகலமான பட்டையை வெளியே எடுத்தான். முடிச்சை அவிழ்த்து நீளம் கூட்டினான். தலையில் மாட்டிப் பார்த்தான். கலாவதியை ஒரு முறை கண்ணால் எடை போட்டுவிட்டு, இன்னும் கொஞ்சம் நீளம் கூட்டினான்.

கலாவதி அந்தப் பட்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள். இடுப்பளவு ஒன்று, முழங்காலளவு ஒன்று. இவன் கீழே வராமல் போனால் இவன் பெண்டாட்டி எந்தச் சுவர் முன்னால் போய் நிற்பாள்? எந்தச் சாமியைப் பார்த்துக் கத்துவாள்? எதை நேர்ந்துகொள்வாள்?  தன் புருஷன் உயிருக்கு வாங்கிய கடனை இன்னொருத்தி புருஷனைக் கொண்டு அடைக்கப் பார்த்தோமே என்று நெஞ்சு பதறியது.

குனிந்து பூட்ஸ் வாரை இழுத்துக் கட்டினாள். விரல் மரத்திருந்ததால் முடிச்சு விழவில்லை. பசாங்தான் கட்டிவிட்டான்.

“வா, மேலே போவோம். கொஞ்ச தூரம்தான்,” என்றான்.

அவள் தலையாட்டி மறுத்தாள். செருப்போடு சன்னதிக்குள் போகிற வழக்கம் அவள் வம்சத்தில் யாருக்கும் கிடையாது. ஏற்றத்தின் அடியிலேயே நின்று, கையுறைகளைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டாள். “வாசல் வரைக்கும் வந்துட்டேன், உள்ள வரல. சொன்னதச் செய்ய முடியல. எடுத்துக்கிறதுன்னா எங்கிட்ட இருந்து எடுத்துக்க. அவரத் தொடாத,” என்றாள். காற்று அடித்துக்கொண்டே இருந்தது. பதில் என்று எதையும் எடுத்துக்கொள்ள அங்கே ஒன்றும் இல்லை.

சிவானந்தம் மீசையெல்லாம் பனியாக இறங்கி வந்தார். “என்ன கலா? இவ்ளோ தூரம் வந்துட்டு! ஜஸ்ட் எ பிட் மோர் லா!” என்று உண்மையாகவே வருத்தப்பட்டார். “முடியல சார்,” என்றாள். 

இறங்கியது எப்படி, பள்ளத்தாக்கைத் தாண்டியது எப்படி என்று பிற்பாடு கேட்டால் அவளுக்குச் சொல்லத் தெரியாது. ஒவ்வொரு கூடாரத்திலும் ஒரே நினைப்பு. அந்தச் சாமி இந்நேரம் அவர் உயிரை எடுத்துக்கொண்டிருப்பானோ? காத்மாண்டு ஓட்டலில் தோட்ட ஆபீசுக்குப் போன் போட வழி இருந்தது. அங்கே குமாஸ்தா வேலை பார்க்கும் கிராணி எடுத்து ‘அம்மா, ஒரு விஷயம்’ என்று ஆரம்பித்துவிட்டால்? போனைத் தொடவே இல்லை. பிரியும்போது பசாங்கின் பெண் குழந்தைகளுக்கென்று தன் கைவளையல் இரண்டைக் கழற்றிக் கொடுத்தாள். அவன் வேண்டாம் என்றான், அவள் விடவில்லை.

சுபாங் விமான நிலையத்திலிருந்து சிவானந்தத்தின் வேன் அவளைத் தோட்டத்து முச்சந்தியில் இறக்கிவிட்டபோது மத்தியானம். கோயில் பந்தலில் மாவிலை காய்ந்து தொங்கியது. லயத்து வீடுகளின் குழாயடியில் துணி அலசிக்கொண்டிருந்த இராஜம்மா அவளைக் கண்டதும் எழுந்தாள்.

“வந்துட்டியா கலா? ஒம்புருசன் இருக்காரே…” என்று தொடங்கியவள் வாயைப் பொத்திக்கொண்டாள். “நான் சொல்ல மாட்டேன்பா. நீயே போய்ப் பாரு.”

கலாவதி முதுகுப் பையை அங்கேயே போட்டுவிட்டு ஓடினாள். வீட்டு வாசலில் வந்து நின்றவள் நின்றவள்தான். நிலைக்கு அந்தப் பக்கம் பாய் விரித்து, சுவரில் சாய்ந்து காளியண்ணன் உட்கார்ந்திருந்தான். இரண்டு காலிலும் கணுக்கால்வரை கட்டு. மருந்து வாடை வாசல்வரை வந்தது.

“எடுத்துக்கிட்டான்,” என்றாள். வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். “நான் சப்பாத்தோட ஏறுனேங்க. சொன்னதச் செய்யல. அதான் ஒங்க கால…”

“யாரு எதை எடுத்துக்கிட்டா? ஏ புள்ள, தீ மிதிச்சேன்.”

அவளுக்குப் புரியவில்லை. அவன் மணிக்கட்டில் மஞ்சள் காப்பு அழுக்கேறிக் கிடந்ததை அப்போதுதான் பார்த்தாள்.

“மத்தவனெல்லாம் ஓடிட்டான். இந்தக் காலு ஓடுமா? நின்னு நின்னுதான் வந்தேன்,” என்று இடது முழங்காலைத் தட்டிக் காட்டினான். “மருந்து கட்டுன டிரெஸர் ஏசுன ஏச்சு இருக்கே! பண்டாரம் மொதல்ல ஒத்துக்கல. ‘நேந்துக்கிட்டவ அவ, தீக்கறதுக்கு நீ யார்றா?’ன்னாரு. ‘உசுரு யாருது?’ன்னு கேட்டேன். கம்முன்னு காப்பக் கட்டிவுட்டாரு.”

“எதுக்குங்க இப்படிச் செஞ்சீங்க?”

காளியண்ணன் காலில் கட்டைச் சரிசெய்துகொண்டான். பேசியபோது குரலில் கேலி இல்லை.

“மீன் பெட்டியில ஒங்காலப் புடிச்சேன்ல? கிள்ளுனா ஒனக்குத் தெரியல. செத்த காலு மாதிரி இருந்துச்சு. ஆஸ்பத்திரியில என்னைய நீ இப்படித்தானே தொட்டுத் தொட்டுப் பாத்திருப்பன்னு அன்னைக்குத்தான் தெரிஞ்சது. சொன்னா நீ கேக்க மாட்ட. அதான் நேரா சாமிகிட்டயே சொல்லிட்டேன். அவ காலத் தொடாத, எங்கால எடுத்துக்கன்னு.”

கலாவதி முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். பனிமலையில் வராத அழுகையெல்லாம் சேர்ந்து வந்தது. குழாயடியில் துணி அலசும் சத்தம் நின்றுபோயிருந்தது. இராஜம்மா கேட்டுக்கொண்டுதான் இருப்பாள், கேட்கட்டும்.

“அழுதது போதும். சப்பாத்தக் கழட்டு,” என்றான் காளியண்ணன்.

அழுகையோடு கழற்றினாள். வாசற்படியில் உட்கார்ந்தபடியே கால்களை உள்ளே நீட்டினாள். அவன் கட்டுப்போட்ட கால்களை மெதுவாக ஒதுக்கிவிட்டு முன்னால் நகர்ந்து, அவள் பாதங்களை மடியில் எடுத்து வைத்துக்கொண்டான். பூட்ஸுக்குள் உரசி வெடித்திருந்த ஒவ்வொரு விரலாகப் பிரித்துப் பிரித்துப் பார்த்தான். பத்தையும் பார்த்து முடித்தபிறகு பெருவிரலை அழுத்திக் கிள்ளினான்.

“வலிக்குதா?”

“வலிக்குதுங்க.”

இன்னொரு முறை கிள்ளினான்.

“வலிக்குதுன்னு சொல்றேன்ல!”

“அப்பச் சரி,” என்றான் காளியண்ணன். “உள்ள வா.”